அவள் போட்ட கோலமும் நான் போட்ட கோட்டிங்கும்

உக்காருங்க அண்ணாச்சி, இடம் இருக்கு. நான் ஜன்னல் ஓரமா நகந்துக்கிடுதேன். கோவில்பட்டிக்கா? நானும் அங்கதான். பொண்டாட்டியக் கூப்பிடப் போறேன். சேச்சே, சண்டையெல்லாம் ஒண்ணும் கெடையாது. தரையில ஒரு சின்னப் பிரச்சினை, அவ்வளவுதான்.

நிலத் தகராறுன்னு நெனச்சிட்டீயளோ? அதெல்லாம் இல்ல. எங்க வீட்டு வாசல்ல கெடக்க சிமெண்டுத் தரை. அதைக் கழுவி, காயவச்சி, மேல கோட்டிங் குடுத்தேன். இதுதான் நான் செஞ்ச குத்தம். இதுக்குப் போயி, முப்பத்திமூணு வருசம் கூட இருந்தவ, அவ தம்பி வீட்ல போயி உக்காந்துட்டா. இன்னையோட இருபத்தாறு நாள். நீங்க முழுசும் கேளுங்க, கேட்டுட்டு நியாயம் யாரு பக்கம்னு சொல்லுங்க. பாதியில சொல்லப்படாது. எங்க தெருவுல எல்லாரும் பாதியிலயே சொல்லிருதாங்க.

என் பேரு நம்பிராஜன். ஹைவேஸ்ல ரோடு இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆகி ரெண்டு வருசம் ஆகுது. சிமெண்டு, ஜல்லி, தாரு, இதோட பழகினவன். பாளையங்கோட்டையில சொந்த வீடு. வாசல்ல இருந்து கேட்டு வரைக்கும் நானே நின்னு போட்ட தரை. இருபது வருசத் தரை, ஒரு விரிசல் காட்டுங்க பாப்போம். ஆனா சிமெண்டு இருக்கு பாத்துக்கிடுங்க, பாக்கத்தான் கல்லு. உள்ளுக்குள்ள எல்லாத்தையும் உறிஞ்சும். எண்ணெய் சிந்தினா உறிஞ்சும், மழை பெஞ்சா உறிஞ்சி பாசி பிடிக்கும். இது பத்தாதுன்னு பக்கத்து வீட்டு ஜெபமணி டீச்சரோட நாவமரம் எங்க காம்பவுண்டுக்குள்ள கையை நீட்டிட்டு நிக்கி. ஆனி மாசம் வந்தா பொத்து பொத்துனு பழம் விழும். வாசலே ஊதாக் கலராயிரும். வெட்டுங்கன்னா டீச்சர் கிண்ணத்துல பழம் குடுத்து அனுப்புதாவ. அதையும் என் பொண்டாட்டி வாங்கித் திங்கா.

சரி, மரத்தை வெட்ட முடியாது, தரையக் காப்பாத்துவோம்னு எறங்கினேன். சீலர்னு ஒண்ணு வருது அண்ணாச்சி. வார்னிஷ் மாதிரி இருக்கும். சிமெண்டு மேல கண்ணாடி கணக்கா ஒரு படை பிடிச்சிக்கிடும். தண்ணி எறங்காது, எண்ணெய் எறங்காது, நாவப்பழம் எறங்காது. ஒரு தடவை போட்டா அஞ்சு வருசம் திரும்பிப் பாக்க வேண்டாம்.

ஆனா போடுறதுக்கு ஒரு முறை இருக்கு. ஊருல பாதிப்பேரு ஆசிட்ட ஊத்திக் கழுவிட்டு, மறுநாளே ஈரத்துல போட்டுருதான். அது ரெண்டு மாசத்துல வெள்ளை வெள்ளையா பூத்து உரிஞ்சிட்டு வரும். நான் அப்படி இல்ல. சோப்பு போட்டு, கட்டை பிரஷ்ஷால தேச்சி, தண்ணி பீச்சுற மெசினை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு அடியா பீச்சினேன். ரெண்டு நாள். அதுக்குப் பெறவு காய விட்டேன். காஞ்சிட்டான்னு கையால தொட்டுப் பாத்தா தெரியாது. ஒரு பாலிதீன் தாளை விரிச்சி நாலு பக்கமும் டேப்பு போட்டு ஒட்டிட்டு, மறுநாள் காலையில உரிச்சிப் பாக்கணும். அடியில முத்து முத்தா வேர்த்திருந்தா உள்ள இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம். நான் தாளை ஒட்டிட்டு இருந்ததை எங்க சித்தப்பா பாத்துட்டு, "ஏல நம்பி, தரைக்கு என்னல, காய்ச்சலா?"ன்னு கேட்டாவ.

சித்தப்பா யாருன்னா, எங்க அப்பாவோட கடைசித் தம்பி, ஆவுடையப்பன். கல்யாணம் பண்ணிக்கிடல. தொண்ணூத்திரெண்டு வயசு. பதினோரு வருசமா எங்க கூடத்தான் இருந்தாவ. பாத்துக்கிட்டதெல்லாம் செண்பகம்தான். செண்பகம்னா என் பொண்டாட்டி, செண்பகவல்லி. காலையில அஞ்சரைக்கு அவ வாசத்தெளிச்சிக் கோலம் போடப் போனா, சித்தப்பாவும் படியில ஒரு சேரைப் போட்டு காப்பியோட உக்காந்துக்கிடுவாவ. "தாயீ, வடக்குப் பக்கம் ஒரு இழை ஒசந்திருக்கு பாரு"ம்பாவ. இவ, "கண்ணாடி போட்டுட்டுச் சொல்லுங்க மாமா"ம்பா. எதுத்த வீட்டுக்காரி வந்து நிப்பா, டீச்சர் காம்பவுண்டு மேல தலைய நீட்டுவாவ. ஒரு மணி நேரம் இந்தக் கூத்து நடக்கும். எனக்குக் காப்பி வர ஆறரை ஆயிரும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பொறுமைசாலி நான்.

தரை காயுற வரைக்கும் வாசல்ல தண்ணி தெளிக்கப்படாது, கோலம் போடப்படாதுன்னு ஆர்டர் போட்டேன். கயிறும் கட்டினேன். நாலு நாள் ஒழுங்கா இருந்தா. அதாவது, எங்க வாசல்ல ஒழுங்கா இருந்தா. அஞ்சாவது நாள்தான் தெரியுது, இவ காலையில வாளியைத் தூக்கிட்டு டீச்சர் வீட்டு வாசல்ல போயி கோலம் போட்டிருக்கா. அவங்க வேதக்காரங்க. அவங்களும் வேண்டாம்னு சொல்லல. "செண்பகம், நட்சத்திரம் மாதிரி ஒண்ணு போட வருமா?"ன்னு கேட்டிருக்காவ. பங்குனி மாச வெயில்ல அவங்க வீட்டு வாசல்ல கிறிஸ்மஸ் நட்சத்திரம் கெடக்கு.

சித்திரை ஒண்ணு அன்னைக்குத்தான் விசயமே. தாளை உரிச்சிப் பாத்தேன், ஒரு பொட்டு ஈரம் இல்ல. இன்னைக்குக் கோட்டிங்னு முடிவு பண்ணி, குளிச்சி, சாமி கும்பிட்டு, பேப்பரு படிச்சிட்டு வெளிய வாரேன், வாசல் முழுக்க மாக்கோலம். பொடிக்கோலம் இல்ல அண்ணாச்சி, அதுன்னா ஊதினாப் போயிரும். பச்சரிசிய ஊறவச்சி அரைச்சி, துணியில நனைச்சி விரலால இழுக்கிறது. ஒன்பது இழை, சுத்தி காவி. கேட்டுல இருந்து படி வரைக்கும் போட்டிருக்கா. காஞ்சும் போச்சி.

"ஏளா, என்னளா செஞ்சு வச்சிருக்கே?"ன்னு கத்திட்டேன். அவ சேலைத் தலைப்பால கையத் தொடச்சிக்கிட்டே சொல்லுதா, "இவ்ளோ சுத்தமான தரைய நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து பாத்ததில்ல. கை நிக்கல." சித்தப்பா சேர்ல இருந்து, "இன்னைக்கு ஒரு இழைகூட ஒசரல நம்பி"ங்காவ. எனக்கு வந்த கோவத்துக்கு திரும்பவும் மெசினைக் கொண்டாந்து பீச்சியிருப்பேன். அவ அர்ச்சனைக் கூடையை எடுத்துக்கிட்டு நெல்லையப்பர் கோவிலுக்குப் போயிட்டா.

அப்பதான் அண்ணாச்சி, எனக்கு ஒரு யோசனை வந்துச்சி. நல்ல யோசனை எப்பவும் கோவத்துக்கு அடியிலதான் கெடக்கும். இவளுக்கு முழங்கால் வலி. தினமும் குனிஞ்சி நிமிந்து கஷ்டப்படுதா. கோலமோ காஞ்சி, தரையோட ஒட்டிக் கெடக்கு. இது மேலயே கோட்டிங் குடுத்துட்டா? கோலம் அஞ்சு வருசத்துக்கு அழியாது, இவ அஞ்சு வருசத்துக்குக் குனிய வேண்டாம். ஒரே கல்யாணத்துல ரெண்டு சீரு. இதை யோசிக்க இஞ்சினியர் தேவையில்ல, பொண்டாட்டி மேல அக்கறை இருந்தாப் போதும்.

ரோலரைப் பிடிச்சி, கோலம் கலையாம, பூ மேல நடக்க மாதிரி உருட்டினேன். முதல் கை கிழக்கு மேற்கா. நாலு மணி நேரம் விட்டு ரெண்டாவது கை தெக்கு வடக்கா. மெல்லிசாக் குடுக்கணும், தடிமனாக் குடுத்தா குமிழி விடும். முடிச்சிட்டு நின்னு பாக்கேன், அண்ணாச்சி, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்ச மாதிரி ஜொலிக்கி. எனக்கே கண்ணு கலங்கிட்டு.

இவ கோவில்ல இருந்து தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு சாயங்காலம் வந்தா. உள்ள வர முடியல. இருபத்திநாலு மணி நேரம் யாரும் மிதிக்கப்படாது, மூணு நாளைக்கு வண்டி ஏத்தப்படாதுன்னு டப்பாவுலயே போட்டிருக்கு. கேட்டுக்கு வெளியவே நின்னா. நான் படியில நின்னு, "டீச்சர் வீட்டு வழியா சுவரேறி பின்பக்கம் வந்துரு, நான் ஸ்டூல் போட்டு வச்சிருக்கேன்"னு சொன்னேன். ஐம்பத்தெட்டு வயசு, பட்டுச்சேலை, கையில அர்ச்சனைக் கூடை. டீச்சர் கீழ இருந்து தூக்கிவிட, நான் இந்தப் பக்கம் இருந்து பிடிக்க, ஒரு மாதிரியா வந்துட்டா. வந்து, உள்ளிருந்து வாசலைப் பாத்தா. கோலத்தைப் பாத்தா, என்னையப் பாத்தா. கூடையைக் கீழ வச்சிட்டு அப்படியே நின்னா. சந்தோசத்துல நிக்கான்னு நெனச்சேன்.

"இனிமே நீ குனியவே வேண்டாம்"னு சொன்னேன். கூடையைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

அதுக்குப் பெறவு எல்லாம் நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சி. தெருவுல வாரவன் போறவன் எல்லாம் நின்னு பாத்துட்டுப் போனான். நான் ஒரு துணியை வச்சி காலையில துடைச்சி விடுவேன், வேலை முடிஞ்சிரும். இவளுக்குத்தான் பழக்க தோசம், அஞ்சரைக்கு எந்திரிச்சி வாளியத் தூக்கிட்டு வாசல் வரைக்கும் வருவா. வந்து நிப்பா. திரும்பிப் போயி கட்டில்ல உக்காந்துக்கிடுவா. "படுத்துத் தூங்கேன்ளா"ம்பேன். எனக்குக் காப்பி அஞ்சே முக்காலுக்கெல்லாம் வந்துரும். சித்தப்பாவும் வாசல் பக்கம் வாரதை நிறுத்திட்டாவ. அவங்க கம்பு முனை கோட்டிங்கைக் கீறும்னு ரப்பர் மாட்டிக் குடுத்தேன். ஏன் வெளிய வாரதில்லைன்னு கேட்டதுக்கு, "நேத்துப் பாத்ததுதானல இன்னைக்கும் கெடக்கு"ன்னாவ. வயசானவங்க பேச்சு, நான் காதுல போட்டுக்கிடல.

வைகாசி நடுவுல ஒருநாள் காலையில காப்பியக் குடிச்சிட்டு சாஞ்சாவ, அப்படியே போயிட்டாவ. தொண்ணூத்திரெண்டு வயசு, ஒரு நாள் படுக்கையில கெடக்கல. கல்யாணச் சாவு. அழுததுன்னு பாத்தா செண்பகம் மட்டுந்தான். அவரு ரத்த சொந்தம் நான், நானே தைரியமா இருக்கேன், இவ தூணைப் பிடிச்சிக்கிட்டு அப்படி அழுதா.

பந்தல்காரரு வந்தாரு. கேட்டுலயே நின்னுக்கிட்டு என்னையத் தனியாக் கூப்பிட்டு, "சார், கல்யாணப் பந்தலா, துட்டிப் பந்தலா? போன்ல சரியாக் கேக்கல"ங்காரு. எனக்குச் சுருக்குனுச்சி. அப்பதான் தரையப் பாக்கேன். உள்ள சித்தப்பா கெடக்காவ, வாசல்ல ஒன்பது இழை மாக்கோலம், காவி போட்டு ஜொலிக்கி. துட்டி வீட்டு வாசல்ல கோலம் கெடக்கலாமா? எங்க ஊருல மூச்சு நின்ன உடனே மொதல்ல செய்றது கோலத்தை அழிக்கதுதான். பதினாறு நாளைக்கு அப்புறந்தான் திரும்பப் போடுவாங்க.

கடையநல்லூர்ல இருந்து எங்க அத்தை வந்தாவ. வந்த வேகத்துல ஒரு குடம் தண்ணிய ஊத்தி விளக்கமாத்தால ஒரு தேய்ப்பு தேச்சாவ பாருங்க. அழுக்கு போயி கோலம் இன்னும் பளிச்சுனு ஆயிட்டு. இன்னொரு குடம் ஊத்தினாவ, இன்னும் பளிச்சு. "இது என்னல சூனியம்?"னு விளக்கமாத்தைக் கீழ போட்டுட்டாவ. "சூனியம் இல்ல அத்தை, சீலர்"னு சொன்னேன். மாட்டுச் சாணியக் கரைச்சி ஊத்துங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. ஊத்தினாங்க. என் கோட்டிங்கு மேல சாணித் தண்ணி நிக்குமா? தாமரை இலையில நிக்க மாதிரி உருண்டு உருண்டு ஓடிட்டு. அந்த நேரத்துலயும் அண்ணாச்சி, பொய் சொல்லப்படாது, எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சி.

எம் மச்சினன் சங்கரபாண்டி, இப்பம் இவ இருக்கது அவன் வீட்லதான், அவன் எங்க இருந்தோ ரெண்டு கூடை மணல் கொண்டாந்துட்டான். மேல கொட்டி மூடிருவோம்ங்கான். மணலை! நடக்க நடக்க மணல் என்ன செய்யும்? உப்புத்தாளை வச்சி தேச்ச மாதிரி மொத்தத்தையும் கீறிப்போடும். நான் குறுக்க போயி விழுந்து, "ஏய், கொட்டாத, கொட்டாத, கோட்டிங் போயிரும்"னு கத்தினேன். கொஞ்சம் சத்தமாத்தான் கத்திட்டேன். உள்ள சும்மா ஒப்பாரி வச்சிட்டு இருந்த பொம்பளையெல்லாம் ஒப்பாரிய நிறுத்திட்டு எட்டிப் பாத்தாங்க. இவன் கூடையோட ரெண்டு எட்டு பின்னால வச்சான், ஏற்கெனவே தண்ணி ஊத்தின தரை, வழுக்கிட்டு. கூடையோட உக்காந்துட்டான். ஈரத்துல கொஞ்சம் வழுக்கும்தான், அதுக்குன்னு ஒரு பொடி இருக்கு, கலந்து போட்டா வழுக்காது, அதை நான் வாங்காம விட்டுட்டேன். அதுதான் இந்த விசயத்துல எம்மேல உள்ள ஒரே தப்பு.

அப்பம் செண்பகம் உள்ள இருந்து வந்தா. கொடியில கெடந்த அவ பழைய சேலை ரெண்டை உருவினா. கோலத்து மேல விரிச்சா. நாலு மூலையிலயும் கல்லைத் தூக்கி வச்சா. உள்ள போயிட்டா. சித்தப்பாவ அந்தச் சேலை மேலதான் நடந்து தூக்கிட்டுப் போனாங்க. எனக்கு அப்பம் என்ன தோணிச்சின்னா, அடடா, நல்ல யோசனையா இருக்கே. மூடிட்டாப் போதும், அழிக்கணும்னு என்ன இருக்கு? மேல ரேக்குல பச்சையா ஒரு சுருள் இருக்கு பாருங்க, அந்தப் பாய் யோசனை அதுல இருந்துதான் எனக்கு வந்துச்சி. அளவெடுத்து வெட்டி வாங்கியிருக்கேன். நல்ல நாளுக்குக் கோலம், கெட்ட நாளுக்குப் பாய். இதை அவட்ட காட்டத்தான் தூக்கிட்டுப் போறேன்.

சொல்லுதேன், சொல்லுதேன், எப்படிப் போனான்னு சொல்லுதேன். பதினாறு கழிஞ்சிது. பதினேழாம் நாள் காலையில அஞ்சரைக்கு வாளிச் சத்தம் கேக்கு. எந்திரிச்சி வந்து பாக்கேன். இவ சேலையெல்லாம் எடுத்துட்டு, தண்ணி தெளிச்சிருக்கா. தண்ணி எறங்கல, முத்து முத்தா நிக்கி. அது மேல மாவைப் போட்டிருக்கா. மாவு தரையில ஒட்டாம தண்ணியில மெதந்து மெதந்து கேட்டுப்பக்கம் போயிட்டு இருக்கு. அதுக்கு அடியில அந்தப் பழைய கோலம். இவ மாவு டப்பாவக் கையில வச்சிக்கிட்டு, மெதந்து போறதையே பாத்துட்டு நிக்கா. டீச்சர் காம்பவுண்டு மேல இருந்து, "செண்பகம், இங்க வந்து போடு"ன்னாவ. இவ மாட்டேன்னு தலைய ஆட்டிட்டா.

எம்பக்கம் திரும்பி, "இதை உரிச்சிருங்க"ன்னா.

"என்னளா பேசுதே? ஆனி மாசம், நாவப்பழம் விழுது, ஒரு துணியால துடைச்சாப் போயிருது பாரு. அஞ்சு வருசத்துக்கு அசையாது இது"ன்னேன். இதுல என்ன தப்பு? உள்ளதைச் சொன்னேன்.

"சரி. அஞ்சு வருசம் கழிச்சி வாரேன்"னா.

விளையாட்டுக்குச் சொல்லுதான்னு நெனச்சேன். பையத் தூக்கிட்டு கேட்டுக்குப் போறவரைக்கும் விளையாட்டுன்னுதான் நெனச்சேன். "தரை ஈரமா இருக்கு, பாத்துப் போ"ன்னு வேற சொன்னேன்.

இருபத்தாறு நாளா போன் எடுக்கல. மச்சினன் எடுத்து, "அக்கா தூங்குதா"ங்கான். காலையில பத்து மணிக்கும் தூங்குதா, சாயங்காலம் நாலு மணிக்கும் தூங்குதா. நான் சோறு வடிக்கப் படிச்சிட்டேன் அண்ணாச்சி. ரசம் மட்டும் சரியா வரல. சும்மா சொல்லப்படாது, வீட்ல சத்தமே இல்ல. காலையில அஞ்சரைக்கு முழிப்பு வந்துருது. வாசலுக்குப் போறேன், துடைக்கதுக்கு அழுக்கே இல்ல. யாரும் நடந்தாத்தான அழுக்காகும். எதுத்த வீட்டுக்காரி இந்தப் பக்கம் பாக்கதில்ல. டீச்சர் ஒருநாள் எட்டிப் பாத்துட்டு, "சார், நீங்களா?"ன்னுட்டு தலைய உள்ள இழுத்துக்கிட்டாவ.

இப்பம் சொல்லுங்க. நான் செஞ்சது எல்லாம் அவ நல்லதுக்குத்தான? அவ முழங்காலுக்குத்தான?

என்ன கேக்கீய? அவட்ட கேட்டேனான்னா? எதை?

கோலத்து மேல போடட்டுமான்னா? கேக்கலியே. கோவில்ல இருந்தால்லா. போன் இருக்குதான். ஆனா இதைப் போயி யாரு கேப்பா? நான் ரோடு போட்ட காலத்துல எந்த ஊருக்காரன்ட்டயாவது கேட்டுட்டா போட்டேன்? நல்லது செய்யும்போது கேக்கப்படாது அண்ணாச்சி, கேட்டா வேண்டாம்னு சொல்லிருவாங்க.

இருங்க, போன் அடிக்கி. மச்சினன்தான். காலையில அவனுக்கு வாரேன்னு தகவல் சொல்லியிருந்தேன்.

ஹலோ. சொல்லு சங்கரபாண்டி... ஏளா, நீயா? எப்படி இருக்கே? முழங்கால் எப்படி... ஆமா, பஸ்லதான் இருக்கேன், கயத்தாறு வரப்போகுது... தரையா? தரை நல்லா இருக்கு, ஒரு கீறல் இல்ல... இல்ல, உரிக்கல... கேளு, ஒரு பாய் வாங்கியிருக்கேன், பச்சைக் கலர், கெட்ட நாளுக்கு அதை விரிச்சிட்டா... இல்ல, நான் சொல்லுததைக் கேளு... ஏளா... ம்... ம்... சரி. சரி.

வச்சிட்டா.

ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க.

உரிச்சாச்சான்னு கேட்டா. இல்லைன்னேன். அப்பம் எதுக்கு வாரீயன்னா. உன்னையக் கூட்டிட்டுப் போகத்தான்னேன். "கூட்டிட்டுப் போயி என்னைய எங்க நிறுத்துவீய?"ன்னு கேக்கா. "சித்தப்பா போயிட்டாவ. வாசலும் போயிட்டு. இனி அந்த வீட்ல இருக்கது நீங்களும் அடுப்பும்தான"ங்கா. சத்தம் போட்டுச் சொல்லல. கடையில சாமான் இருக்கான்னு கேக்க மாதிரிச் சொன்னா. சத்தம் போட்டிருந்தா நானும் ரெண்டு சொல்லியிருப்பேன்.

வாசல் அவளுக்கு வேலைன்னுதான் அண்ணாச்சி நான் நெனச்சிட்டு இருந்தேன். அது ஒரு வேலை, அதைக் குறைச்சிட்டோம்னு.

இன்னொண்ணும் சொன்னா. நீங்க வர வேண்டாம், தரைய உரிச்சிட்டு போட்டா எடுத்து அனுப்புங்க, பாத்துட்டு நானே பஸ் ஏறுதேன்னா. வாயால சொன்னா நம்ப மாட்டாளாம். முப்பத்திமூணு வருசம் கவர்மெண்டு வேலை பாத்தவன், எம்பேச்சு செல்லாது, போட்டா வேணும்.

கண்டக்டர் சார், கயத்தாறுல ஒரு எறக்கம் இருக்கு. ஆமா, கோவில்பட்டிக்குத்தான் டிக்கெட். பரவாயில்ல, எறங்கிக்கிடுதேன்.

இப்பம் எதுத்தாப்புல வார பஸ்ஸைப் பிடிச்சா மத்தியானத்துக்குள்ள வீட்ல இருப்பேன். தின்னர் ஊத்தி ஊறவச்சி சுரண்டணும். ரெண்டு கையில போட்டது ரெண்டு கையிலதான் வரும். நான் போட்டதுல்லா, லேசுல விடாது. கோலமும் சேந்துதான் வரும், அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது. ரெண்டு நாள் ஆகும்னு வச்சிக்கிடுங்க. சோப்பு போட்டு ஒரு கழுவு. நாவப்பழக் கறை இந்த வருசமே ஏறும், அடுத்த வருசம் பாசி பிடிக்கும். பிடிக்கட்டும்.

அண்ணாச்சி, ஒரு உதவி. இந்த போன்ல போட்டா எடுக்க எனக்குத் தெரியும். அனுப்பத் தெரியாது. எல்லாத்தையும் அவதான் அனுப்புவா. எங்க அமுக்கணும்? இதா? இந்த அம்புக்குறி மாதிரி இருக்கதா? அதுக்குப் பெறவு அவ பேரைத் தேடணும். சரி. தேடி, திரும்ப அமுக்கணும். இன்னொரு தடவை சொல்லுங்க, பஸ் நிக்கப்போகுது. எடுக்கணும், அம்புக்குறி, பேரு, அமுக்கணும். சரி, பிடிபட்டுட்டு.

வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிருவேன். பாத்துட்டு பஸ் ஏறுதேன்னு அவ வாயாலதான சொன்னா.

ஏறுவாள்லா அண்ணாச்சி?